பெயர்த்தெடுத்த தண்டவாளங்கள்

(இருப்புப்பாதைச் சரித்திரம்: அத்தியாயம் 14)

1942-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமையன்று, ஜப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின என்னும் செய்தியும், மறுநாளே விசாகப்பட்டினமும் காகிநாடாவும் தாக்குண்டன என்னும் செய்தியும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தபோது, 1914-இல் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன இரவை இன்னும் மறவாதிருந்த சென்னை நகரத்து ஜனங்கள், பெட்டி படுக்கைகளுடனும் குழந்தை குட்டிகளுடனும் ரயில் நிலையங்களை நோக்கிப் புறப்பட்டார்கள். ஹைகோர்ட்டு கோயமுத்தூருக்குப் போயிற்று; சர்க்கார் காரியாலயங்கள் வெவ்வேறு ஊர்களுக்குச் சிதறின; மிருகக்காட்சிசாலையின் சிங்கம், புலி முதலியவை, குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்ற பயத்தினால் சுட்டுக் கொல்லப்பட்டன. சென்ட்ரலிலிருந்து மேற்கே கிளம்பிய வண்டிகள் யாவும், 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் போடப்பட்ட, தென்னாட்டின் முதல் பிரயாணிகள் இருப்புப்பாதையாகிய அந்த மார்க்கத்தின் வழியாகவே, வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி என்று கடந்து சென்றன.

துறைமுகத்துக்கு அதிக தூரமின்றியும், அதே சமயத்தில் கடற்கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் உள்ளே தள்ளியும், அகலப்பாதைப் பிரதான மார்க்கத்தின் மீதே அமைந்தும் இருந்த ஆவடி, அந்த யுத்தத்தில் படைகளும் மோட்டார் வாகனங்களும் தளவாடங்களும் வந்து குவியும் ராணுவத் தளமாயிற்று. ஏரியும் அதன் பாசன வயல்களும் சுந்தரராஜப் பெருமாள் சந்நிதியுமாகத் தன்பாட்டில் இருந்த அண்டைக் கிராமமாகிய கோவில்பதாகையின் குடியானவர்களுக்கு, அதுவரை பட்டணம் போவதற்கு வண்டி ஏறும் ஓர் இடம் என்ற அளவில் மட்டும் அறிமுகமாயிருந்த ஆவடி ஸ்டேஷன், யுத்தம் முடிவதற்குள் கிடங்குகளும் கொட்டகைகளும் சூழ்ந்த வேறோர் ஊராகிவிட்டது. பிரதான மார்க்கத்திலிருந்து பிரிந்து ராணுவக் கிடங்குகளை நோக்கிச் செல்லும் சைடிங்குகளில் ஒன்று, பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் என்னும் பெயருடன் இன்றும் புறநகர் மின்சார ரயிலின் கால அட்டவணையில் நிற்கிறது; அவ்வண்டியில் தினந்தோறும் ஏறி இறங்கும் கல்லூரி மாணாக்கரும் தொழிற்சாலைக்காரரும் பெயருக்குக் காரணம் கேட்பதில்லை.

யுத்தத்தினால் இவ்வாறு புதிய பாதை பெற்ற ஊர்கள் சிலவே. இருந்த பாதையை இழந்த ஊர்களின் கதையைத்தான் இந்த அத்தியாயத்தில் சொல்ல உத்தேசித்திருக்கிறேன்.

இங்கிலாந்திலிருந்து தண்டவாளம் ஏற்றிவரக் கப்பல் கிடையாது; இந்நாட்டு எஃகாலைகளின் உற்பத்தியோ யுத்தத் தேவைகளுக்கே போதவில்லை; மேற்கே இராக்கிலும் கிழக்கே அஸ்ஸாமிலும் சேனைகளுக்குப் பாதை வேண்டியிருந்தது. இந்த நெருக்கடியில் சர்க்கார் கண்ட உபாயம், வருமானம் குறைந்த கிளைப்பாதைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றைப் பெயர்த்து, அந்த இரும்பை வேண்டிய இடத்துக்கு அனுப்புவது என்பதே. இந்தியா முழுவதிலும் இருபதுக்கு மேற்பட்ட கிளைப்பாதைகள் இவ்விதம் மறைந்தன. 1928-இல் திறக்கப்பட்டு, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாக ஏலக்காய் மலையின் அடிவாரம் வரை சென்ற மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர் கேஜ் பாதை 1942-இல் போயிற்று. மலையாளத்துத் தேக்குக் காடுகளின் ஓரமாகச் சென்ற ஷொரனூர்–நிலம்பூர் பாதை அதற்கு முன்வருஷமே போயிற்று. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுபோவதற்கென்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் ஜில்லாவில் போடப்பட்ட இரண்டரை அடிக் குறும்பாதைகளாகிய திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதையும், மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் சென்ற பாதையும், நஷ்டத்தில் ஓடுகின்றன என்னும் பழைய புகாரும் சேர்ந்துகொள்ள, 1941-இல் மூடப்பட்டன.

ஒரு பாதையைப் பெயர்க்கும் முறையை நினைத்துப் பார்த்தால் மனசுக்கு விசித்திரமாக இருக்கும். போடும்போது ஜங்ஷனிலிருந்து கடைக்கோடியை நோக்கிப் போடுகிறார்கள். பெயர்க்கும்போது கடைக்கோடியிலிருந்து தொடங்கி ஜங்ஷனை நோக்கித் திரும்பி வருகிறார்கள். எடுத்த இரும்பை ஏற்றிச் செல்வதற்கு வேறு மார்க்கம் இல்லாமையால், கேங்மேன்கள் பிஷ்பிளேட்டுகளின் மறைகளைக் கழற்றி, தண்டவாளத்தையும் சிலீப்பர் கட்டைகளையும் தூக்கி வாகன்களில் அடுக்க அடுக்க, அந்தச் சாமான் வண்டி தான் நின்ற இடத்தையே தன்மேல் ஏற்றிக்கொண்டு பின்வாங்கும். கடைசி வண்டி ஜங்ஷனுக்கு வந்து சேரும்போது, அதற்குப் பின்னால் ஜல்லிக் கற்களும் வெறுங் கரையுமே எஞ்சியிருக்கும். ஸ்டேஷன் கட்டிடங்களைப் பெயர்க்க முடியாதாகையால் அவை மட்டும் அப்படியே நின்றன.

பாதை இவ்வளவு எளிதாக நாடுவிட்டு நாடு செல்லக்கூடிய பொருளானதற்கு, 1870-க்குப் பின் இந்தியாவில் பரவிய மீட்டர் கேஜ் ஒரு முக்கிய காரணம். தென்னிந்திய ரயில்வேயின் பெரும்பகுதியும், பர்மாவும், மலேயாவும், சயாமும் ஒரே அளவுப் பாதையில் ஓடின. வங்காள விரிகுடாவின் ஒரு கரையில் கழற்றிய இரும்பை மறுகரையில் கொண்டுபோய் மாட்டினாலும் அங்கிருக்கும் வண்டி அதன்மேல் ஓடும். முதல் உலக யுத்தத்திலேயே இதன் சௌகரியம் புலப்பட்டிருந்தது. பெர்லினையும் பாக்தாதையும் இணைத்துவிட வேண்டும் என்னும் மனோராஜ்யத்துடன் ஜெர்மானிய எஞ்சினீயர்கள் துருக்கி தேசத்தின் குறுக்கே போட்டுக்கொண்டு வந்த பாதையின் ஒரு துண்டு, பாக்தாதுக்கும் ஸமாராவுக்கும் இடையில், 1914-இல் திறக்கப்பட்டிருந்தது. பஸ்ராவில் இறங்கிய பிரிட்டிஷ் சேனையோ, இந்தியாவிலிருந்து தருவித்த மீட்டர் கேஜ் தளவாடங்களைக் கொண்டு தெற்கேயிருந்து பாதை போட்டுக்கொண்டு வடக்கே போயிற்று. 1917 மார்ச்சில் பாக்தாத் விழுந்தது. சில வருஷங்களில் ஜெர்மானிய அளவுப் பாதையும் இந்திய அளவுப் பாதையும் அந்த நகரத்தில் எதிரெதிரே வந்து நின்றன. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமையால், சாமான்களை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றும் வேலை நெடுங்காலம் நடந்தது.

இரண்டாம் யுத்தத்தில் அதே தொந்தரவை ஜெர்மானியர்கள் வேறோர் இடத்தில் அனுபவித்தார்கள். 1941 ஜூனில் சோவியத் ரஷ்யாவுக்குள் புகுந்த அவர்களுடைய சேனைக்குப் பின்னால், 1524 மில்லிமீட்டர் அகலமான ரஷ்யப் பாதையை 1435 மில்லிமீட்டருக்கு நகர்த்தி ஆணியடித்துக்கொண்டே ரயில்வேப் படைகள் செல்ல வேண்டியிருந்தது. அந்த வருஷத்துப் பனிக்காலத்தில், வெளிப்புறத்தில் குழாய்கள் தொங்கும் ஜெர்மானிய என்ஜின்கள் உறைந்து வெடித்தன. அதன்பின், அநாவசியமான உறுப்புகளையெல்லாம் விலக்கி, துரிதமாகவும் மலிவாகவும் செய்வதற்கென்றே வகுத்த 52-ஆம் வகுப்பு யுத்த என்ஜின் 1942-இல் வெளிவந்து, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் வார்க்கப்பட்டது. வெற்றிக்காகச் சக்கரங்கள் உருள வேண்டும் என்று ஸ்டேஷன்தோறும் எழுதி வைத்தார்கள். சக்கரங்கள் திரும்பி உருளத் தொடங்கியபோதோ, அவர்கள் கையாண்ட கருவி வேறு. கனமான திறந்த வாகன் ஒன்றின் பின்புறத்திலிருந்து ராட்சசக் கொக்கி ஒன்றைப் பாதையின் நடுவே இறக்கிவிட்டு, முன்னால் என்ஜினைப் பூட்டி இழுத்தால், உழவன் கலப்பை கட்டியைப் பிளப்பதுபோல அக்கொக்கி சிலீப்பர் கட்டைகளை வரிசையாக நடுவில் முறித்துக்கொண்டே போகும். தண்டவாள ஓநாய் என்று அவர்கள் அழைத்த இந்த யந்திரம் கிழக்குப் போர்முனையிலும் இத்தாலியிலும் கடந்துபோன இடங்களில், பின்னால் வருகிற சத்துருவுக்கு ஒரு மைல் பாதைகூட முழுசாகக் கிடைக்கவில்லை. யுத்தம் முடிந்ததும், ஜெர்மனியின் கிழக்குப் பகுதியை ஆக்கிரமித்த ரஷ்யர்கள், நஷ்டஈடு என்ற பெயரில், இரட்டைப் பாதைகளில் ஒரு பாதையைப் பெயர்த்துத் தங்கள் நாட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். கிழக்கு ஜெர்மனியின் பாதைகள் பலவற்றில் இரண்டாவது பாதை திரும்பி வர அநேக வருஷங்கள் சென்றன.

ஆயினும் தமிழர் சரித்திரத்தில், பெயர்த்த தண்டவாளத்தின் பெயரால் நிகழ்ந்த பெரிய துயரம் மலேயாவிலும் சயாமிலும் நடந்தது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்து, அதன்பின் பர்மாவும் கைப்பட்டதும், பர்மாவிலிருக்கும் தங்கள் சேனைக்குக் கடல் மார்க்கமாகச் சாமான் அனுப்புவது அபாயம் என்று கண்ட ஜப்பானியர், சயாமில் பான்போங் அருகிலிருந்து, மூன்று பகோடாக் கணவாயைத் தாண்டி, பர்மாவில் தான்பியூஸாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள மீட்டர் கேஜ் பாதை ஒன்றை, காடும் மலையும் மலேரியாவும் நிறைந்த பிரதேசத்தின் ஊடே, போடத் தீர்மானித்தார்கள். அதற்கு வேண்டிய இரும்பு ஜப்பானிலிருந்து வரவில்லை. மலாக்காவையும் தம்பினையும் இணைத்த கிளைப்பாதை முழுவதும் பெயர்க்கப்பட்டது. மலேயாவின் கிழக்குப் பகுதி ரயில்பாதையில் நெடுந்தூரம் பெயர்க்கப்பட்டது. மேக்லாங் ஆற்றின்மேல் எழுப்பிய பெரிய இரும்புப் பாலத்தின் வளைவுகள் ஜாவாவிலிருந்து கழற்றி வரப்பெற்றன. ஆகவே அந்தப் பாதையில் அதற்கென்று புதிதாக வார்த்த இரும்பு மிகக் குறைவு. அந்தப் பாதைக்கு ஆட்களும் அவ்வாறே அங்கங்கே பெயர்த்தெடுக்கப்பட்டார்கள்.

போர்க்கைதிகளாகிய பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கச் சிப்பாய்கள் அறுபதினாயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளரோ, மதிப்பீடுகளின்படி, இரண்டு லக்ஷம் பேர் அளவில் இருந்தார்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் இவர்களுடன், மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர் பெருந்தொகையினர். மலேயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 பேர் சென்றதாகவும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழரென்றும் கூறுவர். யுத்தத்தினால் ரப்பருக்கு விலையில்லாமற் போய், தோட்டங்கள் படுத்து, கூலியும் அரிசியும் இன்றித் தவித்துக்கொண்டிருந்த லயங்களுக்கு முதலில் நல்ல வார்த்தைதான் வந்தது: சில மாதத்து வேலை, தினம் ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு, இருப்பிடம், குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். போனவர்களிடமிருந்து கடிதம் வராததையும், போனவர்கள் திரும்பாததையும் கண்டு ஜனங்கள் பின்வாங்கிய பிறகு, வேறு வழிகளைக் கையாண்டார்கள். அவற்றுள் ஒன்றை, தப்பிப் பிழைத்தவர்கள் பலர் ஒரே மாதிரியாகச் சொல்லியிருக்கிறார்கள்: இலவசமாகச் சினிமா காட்டுவதாக அறிவித்து, கொட்டகை நிறைந்ததும் கதவுகளை அடைத்து, உள்ளே இருந்த ஆண்பிள்ளைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாமான் வாகன்களில் அடைத்து வடக்கே அனுப்பினார்கள்.

வெயிலில் காய்ந்த அந்த இரும்பு வாகன்களில் பல நாள் பிரயாணம். பான்போங்கில் இறங்கியதும் காட்டுக்குள் கால்நடை. 1943-ஆம் வருஷத்து மழைக்காலத்தில் காலரா பரவிற்று. போர்க்கைதிகளின் முகாம்களிலே ராணுவக் கட்டுப்பாடு இருந்தது; சொந்த அதிகாரிகளும், மருந்தில்லாவிட்டாலும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி வற்புறுத்தவாவது வைத்தியர்களும் இருந்தார்கள். தமிழரின் மூங்கில் கொட்டகைகளில் இவை ஒன்றும் இல்லை. கங்காணிகளும் கிராணிகளும் தாமே நோயில் விழுந்த பிறகு, பெயர் சொல்லி அழைக்கவும் ஆளில்லை. 1943 அக்டோபர் 17-ஆம் தேதி இரு கோடியிலிருந்தும் வந்த பாதை கொன்கோய்த்தா என்னும் இடத்தில் இணைந்தது. 25-ஆம் தேதி திறப்பு விழா நடைபெற்றது. ஆசியத் தொழிலாளரில் இறந்தவர் தொகையைத் தொண்ணூறாயிரம் என்று சொல்வது வழக்கம். சிலீப்பர் கட்டை ஒன்றுக்கு ஓர் உயிர் என்று மேடைகளில் சொல்வதுண்டு. கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கு மேல் கட்டைகள் கிடக்கும் பாதையில் அது மிகைக் கணக்கு. மிகையில்லாத கணக்கே, கிலோமீட்டருக்கு இருநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் என்று ஆகிறது.

கணக்கு என்று சொல்லும்போது ஜெர்மனிக்கு மீண்டும் ஒருமுறை திரும்ப வேண்டியிருக்கிறது. யூதர்களைக் கொலைக்கூடங்களுக்கு ஏற்றிச் சென்ற ஜெர்மானிய அரசாங்க ரயில்வே, அவர்களை இனாமாக ஏற்றவில்லை. மூன்றாம் வகுப்புக் கட்டணமாகக் கிலோமீட்டருக்கு 4 பெனிக் வீதம், பத்து வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாதி, நான்கு வயசுக்குட்பட்டவர்களுக்கு இலவசம், நானூறு பேருக்கு மேற்பட்ட கூட்டத்துக்குச் சலுகை என்று, உல்லாச யாத்திரைக்குப் போடும் பில்லைப் போலவே பில் போட்டு, அனுப்பிய இலாகாவிடம் வசூலித்தது. இந்தக் காகிதங்களைச் சேகரித்து ஆராய்ந்த ரௌல் ஹில்பர்க் என்னும் சரித்திராசிரியர், 1985-இல் வெளிவந்த குளோட் லான்ஸ்மனின் ஷோவா என்னும் ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட படத்தில், சாதாரண ரயில் உத்தரவு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, வண்டி நிறைந்து போகிறது, காலியாகத் திரும்புகிறது என்று வரி வரியாக விளக்குகிறார். அப்படத்தில் பழைய யுத்தக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது, தேவைப்படவும் இல்லை. கொடுமையிலும் கணக்கெழுதிய அந்தப் புத்தியினால், மாண்டவர்கள் எந்தத் தேதியில் எந்த வண்டியில் போனார்கள் என்பது தெரிகிறது. சயாம் பாதையில் மாண்ட தமிழருக்கு அந்தக் காகிதமும் இல்லை. அவர்களை ஏற்றிய வண்டிகளுக்குக் குறிப்பில்லை. தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் பெயர் நின்றுபோனது ஒன்றே சாட்சி. அதே பாதையோரத்தில் காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் தான்பியூஸாயாட்டிலும் போர்க்கைதிகளின் கல்லறைகளோ வரிசை வரிசையாக, பெயரும் படைப்பிரிவும் பொறித்து, இன்றும் புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன.

இந்தப் பாதையை உலகம் அறிந்தது ஒரு சினிமாவினால். பியேர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர் 1952-இல் எழுதிய நாவலைக் கொண்டு டேவிட் லீன் எடுத்த க்வாய் நதிப் பாலம் 1957-இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் பரிசுகள் பெற்றது. சயாமில் எடுக்காமல், இலங்கையில் கித்துல்கல என்னுமிடத்தில், களனி ஆற்றின்மேல் மரப்பாலம் ஒன்று கட்டி, இலங்கை ரயில்வேயிடமிருந்து பழைய என்ஜினும் பெட்டிகளும் வாங்கி, அவ்வருஷம் மார்ச் மாதத்தில், பிரதம மந்திரி பண்டாரநாயகா முதலியோர் பார்த்துக்கொண்டிருக்க, பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். முதல் நாள், படப்பிடிப்பாளர் ஒருவர் ஒதுங்கியதற்கு அடையாளம் கிடைக்காமையால் வெடி நிறுத்தப்பட, ஓட்டுநரின்றிப் பாலத்தைத் தாண்டிய வண்டி அக்கரையில் மின்சார ஜெனரேட்டரில் போய் மோதிற்று. அதைச் செப்பனிட்டு மறுநாள் காரியத்தை முடித்தார்கள். உண்மைப் பாலமோ இரும்பும் கான்கிரீட்டுமானது. 1945-இல் ஆகாய விமானங்களின் குண்டினால் உடைந்து, பின்னர் செப்பனிடப்பட்டு, இன்றும் அதன்மேல் வண்டி ஓடுகிறது. படத்தைப் பார்த்துவிட்டு க்வாய் நதி எங்கே என்று தேடிவந்த பிரயாணிகளுக்காக, மேக்லாங் ஆற்றின் அந்தப் பகுதிக்குச் சயாம் சர்க்கார் பிற்பாடு க்வாய் யாய் என்று பெயரிட்டுவிட்டது.

படத்தின் தொழில் நேர்த்தியையும் அலெக் கின்னஸ், ஸெஸ்ஸூ ஹயகாவா இருவரின் நடிப்பையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. என் மனசை உறுத்துவது வேறு. பாலத்தைக் கட்டுகிறவர்கள் கதையில் அனைவரும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். பியேர் பூல் யுத்தத்துக்கு முன் மலேயாவில் ரப்பர்த் தோட்டத்து உத்தியோகஸ்தராக இருந்தவர். பால்வெட்டுத் தமிழரைத் தினந்தோறும் கண்டவர். அத்தகையவரின் கதையிலேயே அவர்களுக்கு இடமில்லாமற் போனால், தேம்ஸ் நதிக்கரையிலிருந்து வந்த டைரக்டரைக் குறை கூறுவதில் பயனில்லை. படம் எடுத்த கித்துல்கல பிரதேசத்தைச் சுற்றியுள்ள ரப்பர், தேயிலைத் தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளரே வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். சினிமா காட்டி இழுத்துச் செல்லப்பட்டவர்கள் சினிமாவில் காட்டப்படவில்லை. அவர்களுடைய கதையை எழுத மலேசியத் தமிழ் எழுத்தாளர்களே வர வேண்டியிருந்தது. ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில், அ. ரெங்கசாமியின் நினைவுச்சின்னம் என்னும் நாவல்கள் அவ்வகையில் முக்கியமானவை.

சினிமாவைக் காட்டிலும் அதிகமாக ரயிலின் உருவத்தைக் காப்பாற்றுகிறவர்கள், வீட்டு மேஜையின்மேல் சிறு பாதை போட்டுச் சிறு வண்டி ஓட்டும் பொழுதுபோக்குக்காரர்கள். அந்தக் கலைக்குத் தாயகம் ஜெர்மனி. கோப்பிங்கன் நகரத்து மார்க்லின் கம்பெனியும், நியூரம்பெர்க் நகரத்து ட்ரிக்ஸ் கம்பெனியும் 1935-இல் மேஜை ரயிலைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. ட்ரிக்ஸை நடத்திய ஸ்டெபான் பிங் யூதராகையால், மூன்று வருஷத்துக்குள் கம்பெனியை விற்றுவிட்டு இங்கிலாந்துக்குப் போக நேர்ந்தது. யுத்த காலத்து 52-ஆம் வகுப்பு என்ஜினை, அதன் வெட்டிக் குறைத்த உறுப்புகளையும் துருவின் நிறத்தையும் தத்ரூபமாகக் கொண்டு, இன்று எவரும் கடையில் வாங்கலாம்.

சயாம் பாதையின் என்ஜின்களுக்கும் இப்படி ஒரு மறுபிறப்பு உண்டு. ஜப்பானிய ரயில்வேயின் சி-56 என்னும் சிறு என்ஜின்கள் தொண்ணூறு, சக்கரங்களை மீட்டர் கேஜுக்கு மாற்றித் தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் இரண்டு, யுத்தம் முடிந்து முப்பது வருஷங்களுக்கு மேல் சயாமில் உழைத்துவிட்டு, 1979-இல் ஜப்பானுக்குத் திரும்பின. பாதையின் திறப்பு விழாவில் நின்ற 31-ஆம் இலக்கத்து என்ஜின், டோக்கியோவில் யாஸுகுனி ஆலயத்தின் யுத்தக் காட்சிசாலையில் பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மற்றொன்றாகிய 44-ஆம் இலக்கம், ஓயிகாவா ரயில்வேயில் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டிருந்து, 2015-இல் தாமஸ் என்னும் குழந்தைக் கதை ரயிலின் தோழனாகிய ஜேம்ஸாக வேஷம் போட்டுக்கொண்டது. முன்புறத்தில் சிரிக்கும் முகம் ஒன்றைப் பொருத்தி, உடல் முழுதும் சிவப்பு வர்ணம் பூசியிருந்தார்கள். அதன் சிறு உருவங்களையும் பொம்மைக் கம்பெனிகள் விற்கின்றன. குழந்தைகள் மகிழ்வதில் குற்றமில்லை. அது எங்கிருந்து திரும்பி வந்தது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்தால் அவர்களுடைய மகிழ்ச்சி குறைந்துவிடாது என்பது என் அபிப்பிராயம். நமது ஊரிலும், 2002-இல் புது ஆவடி ரோட்டில் திறந்த ரயில் காட்சிசாலையில், பழைய என்ஜின்களையும் பெட்டிகளையும் சிறு மாதிரி உருவங்களையும் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்துடன் போய்ப் பார்க்கிறோம்.

இனி, எடுத்த இரும்பு எங்கே போயிற்று, எது திரும்பி வந்தது என்பதைச் சொல்லி முடிக்க வேண்டும். சயாம் பாதையைப் பிரிட்டிஷார் எல்லைப்புறத்தில் சில கிலோமீட்டர் பெயர்த்துவிட்டு, மீதியைச் சயாம் சர்க்காருக்குப் பன்னிரண்டரை லக்ஷம் பவுனுக்கு விற்றார்கள். இப்போது அதில் நாம் தோக் வரையில்தான் வண்டி போகிறது. மலாக்காவின் கிளைப்பாதை திரும்பவேயில்லை. மலேயாவின் கிழக்குப் பகுதிப் பாதையைச் சீர்ப்படுத்த ஐம்பதுகள் பிறக்க வேண்டியிருந்தது.

ஜெர்மனியிலோ ஒரு கம்பெனியே பெயர்ந்தது. பிரெஸ்லவ் நகரத்தில் 1839 முதல் வாகன் கட்டிவந்த லிங்கே-ஹோப்மன் தொழிற்சாலை, 1945 மே மாதத்தில் அந்நகரம் ரஷ்யரிடம் சரணடைந்து பின் போலந்துக்குரியதானபோது பழைய முதலாளிகளின் கையைவிட்டுப் போயிற்று. ஹெர்மன் கோரிங்கின் பெயரால் நாஜிகள் எஃகாலை எழுப்பிய ஸால்ஸ்கிட்டரில், யுத்தத்துக்குப் பின் அக்கம்பெனி புதிதாக வேரூன்றிற்று. லிங்கே-ஹோப்மன்-புஷ் என்னும் அக்கம்பெனியின் பெயர்தான், எல்.ஹெச்.பி. என்று சுருங்கி, இன்று ஆவடி வழியாகப் பறக்கும் விரைவு வண்டிகளிற் பலவற்றின் பெட்டிகளுக்கு வழங்குகிறது. சுவிட்சர்லாந்து நாட்டு உதவியுடன் 1955-இல் தொடங்கிய பெரம்பூர்ப் பெட்டித் தொழிற்சாலை, தன் பழைய மாதிரியை 2018-இல் கைவிட்டு, இந்த ஜெர்மானிய மாதிரிக்கு மாறிவிட்டது.

போடிப் பாதை சுதந்திரத்துக்குப் பின், 1953-54-இல் மறுபடி போடப்பட்டது. நிலம்பூரும் அதே காலத்தில் தன் பாதையைப் பெற்றது. போடிப் பாதை 2010-ஆம் வருஷக் கடைசியில், அகலப்பாதையாக மாற்றுவதற்கென்று, இரண்டாம் முறையாகப் பெயர்க்கப்பட்டு, ஜனங்களைப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காக்கவைத்து, 2023 ஜூனில் போடி வரை முழுவதும் மீண்டும் திறந்தது. சென்னை சென்ட்ரலிலிருந்து வாரம் மும்முறை போடிக்குப் புறப்படும் வண்டி, காட்பாடி, சேலம் மார்க்கமாகச் செல்வதால், ஆவடியைக் கடந்தே போகிறது. அதே வருஷம் மே மாதம் முதல் தேதியன்று, காஞ்சனபுரியிலுள்ள பௌத்த ஆலயம் ஒன்றின் வளாகத்தில், சயாம் பாதையில் மாண்ட தமிழருக்கு, மலேசியத் தமிழர்களின் முயற்சியால், நடுகல் ஒன்று நாட்டப்பட்டது. பாதை திறந்து எண்பது வருஷம் நிறையும் தறுவாயில் அவர்களுக்கென்றே கிடைத்த முதல் கல் அது. பெயர்ப் பட்டியல் இல்லாமையால் பெயர்கள் பொறிக்க வழியில்லை.

தருமபுரிக்கும் ஓசூருக்கும், சேலம்–பெங்களூர் மார்க்கம் அறுபதுகளின் பிற்பகுதியில் வேறு வழியாக வந்து சேர்ந்தது. மொரப்பூர்–தருமபுரிப் பாதையை மீட்க 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். கிருஷ்ணகிரி மட்டும், பின்னர் ஒரு ஜில்லாவின் தலைநகரமாக உயர்ந்தும், 1941-இல் எடுத்துக்கொண்டு போன ரயிலை இன்றுவரை கண்ணால் காணவில்லை. தேர்தல்தோறும் அது வாக்குறுதியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

யுத்தம் விட்டுச்சென்ற ஆவடியின் மைதானத்தில், 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது நடந்தவற்றை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.